ஆய்விதழுக்குப் பணம் கட்டும் முன்: பிஎச்.டி. மாணவர்களுக்கு என் அனுபவம்

பிஎச்.டி. சேருகிறவர்களுக்கு நுழைவுத்தேர்வுக்கு எப்படிப் படிப்பது, கைடை எப்படித் தேடுவது, உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிப்பது என்றெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறது. எந்த ஆய்விதழ் உண்மையானது, எது பணம் பறிப்பதற்காகவே நடத்தப்படுவது, ஒரு புத்தகத்தில் படித்த தகவலை எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதனால் கையிலிருந்த பணமும் போய், ஒரு வருடத்துக்கும் மேல் வீணானது. அதை விட, பாடுபட்டுச் சேர்த்த ஒரு அத்தியாயம் கிட்டத்தட்ட கைவிட்டுப் போக இருந்தது. இப்போது ஆய்வில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் வரலாற்றுத் துறையில் 2016-இல் பதிவு செய்தேன். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளை, யார் பராமரித்தார்கள், அந்த ஏற்பாடு எப்போது, எதனால் குலைந்தது என்பது என் தலைப்பு. அப்பா கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறவர், அதனால் தலைப்பு மனசுக்கு நெருக்கமானது. வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். கோர்ஸ் ஒர்க்கில் ஆய்வு நெறிமுறை என்று ஒரு தாள் இருந்தது. முதன்மைத் தரவு என்றால் என்ன, துணைமைத் தரவு என்றால் என்ன என்று இலக்கணம் படித்து எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் ஒரு பழைய ஆவணத்தைக் கையில் கொடுத்து, இதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. ஒரு ஆய்விதழை விரித்து வைத்து, இதில் எது சரி, எது கோளாறு என்று யாரும் காட்டியதும் இல்லை.

அப்போது இருந்த யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது தரமான ஆய்விதழில் வந்திருக்க வேண்டும். இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்கவும் வேண்டும். இந்த நெருக்கடியை நம்பியே ஒரு பெரிய வியாபாரம் நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 2018 மார்ச்சில் ஆய்வாளர்களுக்கான ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பன்னாட்டுப் பன்முக ஆய்விதழ், யூஜிசி அங்கீகாரம், இம்பாக்ட் ஃபாக்டர் (இதழின் கட்டுரைகள் எந்த அளவுக்கு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு) ஆறு புள்ளி சொச்சம், ஏழு நாளில் வெளியீடு. நான் உடனே நம்பிவிடவில்லை. யூஜிசி இணையதளத்துக்குப் போய் இதழின் பெயரையும் அதன் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னையும் போட்டுப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. கைடிடம் கேட்டேன். "லிஸ்ட்ல இருந்தா போட்டுடும்மா" என்றார். கட்டுரையை அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்தது. கட்டணம் 4,500 ரூபாய். வார இறுதிகளில் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் அது. அவர்கள் கொடுத்த கணக்கு எண்ணுக்கு அனுப்பிவைத்தேன்.

ஏழு நாளில் வரவில்லை. போன் செய்தால் "அடுத்த இஷ்யூ மேடம்" என்றார்கள். ஜூனில்தான் வந்தது. இதழைத் திறந்து பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. என் கட்டுரைக்கு முன்னால் காளான் வளர்ப்பு பற்றி ஒன்று, பின்னால் ஜிஎஸ்டி பற்றி ஒன்று. என் இனிஷியல் தப்பு. அடிக்குறிப்புகளை மொத்தமாக எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் கட்டுரைக்குள் மேலே இருந்த சிறு எண்கள் மட்டும் அப்படியே நின்றன. பதினேழு என்று ஒரு எண் இருக்கும், அது சுட்டும் குறிப்பு எங்கேயும் இருக்காது. வரலாற்றுக் கட்டுரையில் அடிக்குறிப்பு போனால் மிச்சமிருப்பது வெறும் கதைதான். அட்டைக்குக் கொடுத்த கவனத்தில் ஒரு பங்குகூட உள்ளே கொடுக்கவில்லை. படித்துப் பார்க்கவே இல்லை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது.

ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் டாக்டோரல் கமிட்டி அடுத்து கூடியபோது அந்தக் கட்டுரையைக் காட்டினேன். வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர் லேப்டாப்பைத் திறந்து தேடிவிட்டு, "இது இப்ப லிஸ்ட்ல இல்லையேம்மா" என்றார். 2018 மே 2-ஆம் தேதி யூஜிசி தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியிருந்தது. நான் பணம் கட்டிய இதழும் அதில் ஒன்று. நீக்கிய பிறகுதான் என் கட்டுரை வெளியாகியிருக்கிறது. அந்த இதழின் இணையதளத்திலோ யூஜிசி அங்கீகாரம் என்ற முத்திரை அதற்கு அப்புறமும் பல மாதங்கள் இருந்தது. கமிட்டி முன்னால் நான் ஒன்றும் பேசவில்லை. ஹாஸ்டலுக்கு வந்து அழுதேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவுக்குப் பணம் போனதுதான் புரியும், எனக்கு எது போனது என்று விளக்க முடியாது என்று பட்டது.

அந்த இதழ்கள் பட்டியலுக்குள் எப்படி நுழைந்தன என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2017-இல் யூஜிசி பட்டியல் போட்டபோது, ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற தரவுத்தளங்களில் உள்ள இதழ்களோடு பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த இதழ்களையும் சேர்த்தார்கள். அந்த வழியாகத்தான் இவை உள்ளே வந்தன. புனே சாவித்திரிபாய் புலே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அப்படிப் பரிந்துரைக்கப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் இதழ்களை ஆராய்ந்து, அவற்றில் 88 சதவீதத்துக்கு மேல் தேறாதவை என்று 2018-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். அதற்குப் பிறகு, தரமான இதழ்களுக்கென்று யூஜிசி கேர் என்ற புதிய பட்டியல் வந்தது. அதையும் கைவிட்டுவிட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். இனி எந்த இதழ் தரமானது என்பதை அந்தந்தக் கல்வி நிறுவனமே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பிஎச்.டி.க்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை 2022 விதிமுறையிலேயே யூஜிசி எடுத்துவிட்டது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் இன்னும் கேட்கின்றன, வேலைக்கான நேர்காணலில் எல்லோரும் கேட்கிறார்கள். ஆக நெருக்கடி அப்படியே இருக்கிறது, சரிபார்க்க ஒரு பொதுப் பட்டியல்தான் இல்லை. எனக்கு ஏற்பட்டதைவிட உங்களுக்கு ஆபத்து அதிகம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

பணம் போனதோடு விஷயம் முடிந்திருந்தால் சரி என்று விட்டிருப்பேன். அதே கட்டுரையை வேறு நல்ல இதழுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். முடியாது. ஒரு முறை வெளியான கட்டுரையை மறுபடி வெளியிடுவது முறையல்ல, தன் எழுத்தையே திருடுவதாக எடுத்துக்கொள்வார்கள். சரி, கட்டுரையைத் திரும்பப் பெறலாம் என்று கேட்டால், நீக்குவதற்கு 10,000 ரூபாய் கட்டணம் என்றார்கள். போடுவதற்கு வாங்கியதைவிட எடுப்பதற்கு இரண்டு மடங்குக்கு மேல்! அதைக் கட்டவில்லை. நல்லவேளை. அதைக் கட்டிய பிறகும் கட்டுரை நீங்காத ஒருவரை அப்புறம் சந்தித்தேன்.

என்னைத் தூக்கிவிட்டவர் எங்கள் கல்லூரி நூலகர். எங்கள் ஊர்க் கல்லூரிகளில் ஆய்வு மாணவர்கள் நூலகரைப் பார்க்கப் போவது பெரும்பாலும் நோ டியூஸ் கையெழுத்துக்குத்தான். நானும் வேறு ஏதோ புத்தகம் கேட்கப் போனபோதுதான் பேச்சு வந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரைத் தன் பக்கமிருந்து என் பக்கம் திருப்பிவைத்து, "அந்த எடிட்டர் லிஸ்ட்டத் திறம்மா. அதுல ஒரு பேரைச் சொல்லு" என்றார். ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் பெயரைச் சொன்னேன். அவர் வேலை பார்ப்பதாகப் போட்டிருந்த பல்கலைக்கழகத்தின் பக்கத்துக்குப் போய், அங்கேயிருந்த மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுதச் சொன்னார். இந்த இதழில் நீங்கள் ஆசிரியரா என்று மட்டும். இரண்டு நாளில் பதில் வந்தது. அப்படி ஒரு இதழைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று எழுதியிருந்தார். மூன்று மாதம் நான் அனுபவித்த குழப்பம் ஒரு மின்னஞ்சலில் தெளிந்தது. பணம் கட்டும் முன் இதை யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் அன்றைக்கு ஆத்திரம் வந்தது.

அவரிடம் கற்றதையும் பிறகு நானே தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். ஐஎஸ்எஸ்என் என்பது ஒரு அடையாள எண், அவ்வளவுதான். இதழ் நடத்துகிற யார் கேட்டாலும் கிடைக்கும், தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஐஎஸ்எஸ்என் அமைப்பின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் எந்த இதழுக்கு உரியது என்று காட்டும். வேறு இதழின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். இம்பாக்ட் ஃபாக்டர் என்று ஆய்வுலகம் சொல்வது கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கை. வேறு யாரோ கொடுத்த ஆறு, ஏழு என்ற எண்கள் பணம் கொடுத்து வாங்கியதாகவே இருக்கலாம். ஸ்கோபஸில் இருக்கிறோம் என்று இதழே சொன்னால் நம்ப வேண்டாம், ஸ்கோபஸ் தளத்தில் இதழ்ப் பட்டியல் இலவசமாகவே இருக்கிறது, அங்கே தேடுங்கள். அதிலும் ஒரு சூது உண்டு. உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடி, அதே மாதிரி ஒரு போலித் தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே கூகுளில் முதலில் வரும் தளத்துக்குப் போகாமல், பதிப்பகத்தின் தளம் வழியாகவோ பழைய இதழ்களில் அச்சாகியிருக்கும் முகவரி வழியாகவோ போங்கள். கட்டுரைக்கு டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர இணைய அடையாளம்) போட்டிருந்தால் அதை டிஓஐ தளத்தில் ஒட்டிப் பாருங்கள், அந்தக் கட்டுரை திறக்க வேண்டும்.

இத்தனையையும் விட நல்ல சோதனை, அந்த இதழின் பழைய கட்டுரைகள் சிலவற்றை உட்கார்ந்து படிப்பது. உங்கள் துறைக் கட்டுரையாக இருந்தால் தரம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். காளானும் ஜிஎஸ்டியும் கண்மாயும் ஒரே இதழில் இருந்தால், அதையெல்லாம் படித்துத் தரம் பார்க்கும் ஆட்கள் அங்கே இருக்க வாய்ப்பில்லை. கட்டணம் கேட்பதால் மட்டும் ஒரு இதழ் போலி ஆகிவிடாது, யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய நல்ல திறந்த அணுக்க இதழ்களிலும் கட்டணம் உண்டு. ஆனால் யாரும் படித்துக் கருத்துச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டு, தனிநபர் கணக்குக்கோ போன் நம்பருக்கோ பணம் போடச் சொன்னால் அது இதழ் இல்லை. நான் பிறகு ஒரு நல்ல இதழுக்கு அனுப்பிய கட்டுரைக்கு இரண்டு மதிப்பீட்டாளர்கள் பக்கம் பக்கமாகக் கேள்வி எழுதி அனுப்பினார்கள். முதலில் பயந்தேன். படிக்கப் படிக்க, முகம் தெரியாத ஒருவர் என் கட்டுரையை இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன்.

அந்தக் கேள்விகளில் ஒன்றுதான் என் ஆய்வையே மாற்றியது. ராமநாதபுரம் மாவட்டத்து ஆர்.எஸ். மங்கலம் கண்மாய்க்கு நாற்பத்தெட்டு மடைகள் என்று எழுதி, ஒரு ஆய்வேட்டை ஆதாரமாகக் காட்டியிருந்தேன். "இந்த எண்ணுக்கு மூலம் எது?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தார்கள். நான் காட்டிய ஆய்வேட்டைப் புரட்டினால் அது இன்னொரு ஆய்வேட்டைக் காட்டியது. அது ஒரு சிறப்பு மலரில் வந்த கட்டுரையைக் காட்டியது. அந்தக் கட்டுரையில் இருந்தது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொலவடை: நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய். சொலவடை பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கண்மாய் எவ்வளவு பெரியது என்று ஊர் எப்படி வியந்தது என்பதற்கு அது அருமையான சான்று. மடைகளை எண்ணுவதற்கு அது சான்று இல்லை, அதற்குப் பொதுப்பணித்துறைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும், நேரில் போக வேண்டும். மூன்று இடத்தில் அச்சானதால் ஒரு தகவல் மூன்று மடங்கு உறுதியாகிவிடாது, மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து வந்திருக்கலாம். அன்றிலிருந்து எதைப் படித்தாலும் இவருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அந்த வாட்ஸ்அப் செய்தியிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவேதான்.

தேடுவதிலும் யாரும் சொல்லித்தராத ஒன்று உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் என்று தேடினால் 1910-க்கு முந்தையது பெரிதாக ஒன்றும் கிடைக்காமல் திணறினேன். அந்த மாவட்டமே 1910-இல்தான் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவானது. அதற்கு முந்தைய ஆவணங்கள் மதுரை, திருநெல்வேலி என்ற தலைப்புகளுக்குள் இருக்கும். 1985-இல் அதே மாவட்டத்தை மூன்றாகப் பிரித்துச் சிவகங்கையும் விருதுநகரும் தனியாயின. ஆகவே சிவகங்கைக் கண்மாய் ஒன்றின் கதை மூன்று மாவட்டப் பெயர்களில் சிதறிக் கிடக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஆங்கிலேய அதிகாரி நெல்சன் 1868-இல் எழுதிய மதுரை மாவட்டக் கையேட்டிலிருந்தே எனக்கு வேண்டியவை கிடைக்க ஆரம்பித்தன. எந்த ஊரை ஆராய்ந்தாலும் முதலில் அதன் நிர்வாக எல்லை எப்போதெல்லாம் மாறியது, ஆங்கிலேயர் அதை எப்படி எழுதினார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு அப்புறம் தேடுங்கள். பல மாதங்கள் மிச்சமாகும்.

எங்கே தேடுவது என்றால், வரலாறு, சமூகவியல், தமிழ் படிக்கிறவர்கள் எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒரு முறையாவது போக வேண்டும். கல்லூரியிலிருந்து அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழைய தமிழ் இதழ்களுக்கும் சிறு வெளியீடுகளுக்கும் அதைப் போல ஓரிடம் இல்லை. சென்னைக்குப் போக வசதியில்லாதவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து தொடங்கலாம், வீட்டிலிருந்தே நிறையப் படிக்கலாம். ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. ஆனால் சோத்கங்காவில் இருப்பதாலேயே ஒரு ஆய்வேடு சரியாகிவிடாது, நாற்பத்தெட்டு மடையை அங்கேயிருந்துதான் எடுத்தேன். நல்ல ஆய்வேட்டின் உண்மையான பயன் அதன் துணைநூற்பட்டியல். அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருப்பவர்கள், 2025 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்துள்ள ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் தங்கள் கல்லூரிக்கு உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். ஆயிரக்கணக்கான பன்னாட்டு ஆய்விதழ்கள் அதில் காசில்லாமல் கிடைக்கின்றன. இணைப்பு வந்திருந்தும் கேட்க ஆளில்லாமல் கிடக்கும் கல்லூரியைப் பார்த்திருக்கிறேன்.

குறிப்பு எடுக்கும்போதே நூலின் பெயர், பதிப்பு, பக்க எண் மூன்றையும் எழுதிவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எது உங்கள் வாக்கியம், எது நூலின் வாக்கியம் என்பதே மறந்துவிடும். யூஜிசியின் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வேட்டைத் திருத்தச் சொல்வார்கள், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகலாம். ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருள் இந்தக் குறிப்புகளைச் சேர்த்துவைக்க நன்றாக உதவுகிறது. சாட்ஜிபிடியிடம் நூற்பட்டியல் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டு, இல்லாத கட்டுரையையும் இருப்பதாகத் தரும். ஒவ்வொன்றையும் நூலகப் பட்டியலில் தேடி, கையில் எடுத்துப் படித்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு இதைப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். முதலில், திரும்பப் பெறும் கட்டணம் என்று எதைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கட்டுரை இன்னும் வெளியாகவில்லை என்றால், வெளியிட வேண்டாம் என்று உடனே மின்னஞ்சலில் எழுதி அதைப் பத்திரப்படுத்துங்கள். பதிப்புரிமைப் படிவம் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். ஏமாந்தது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. கைடிடம் மறைக்க வேண்டாம், கமிட்டிக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தால் உங்களுக்காகப் பேச முடியும். வெளியாகிவிட்டால் அந்தக் கட்டுரையை அப்படியே வேறு இடத்துக்கு அனுப்பாமல், புதிய ஆதாரங்களைச் சேர்த்து, வாதத்தை விரித்து வேறு கட்டுரையாக எழுதுங்கள். முந்தையது எங்கே, எப்படி வந்தது என்பதைப் புதிய இதழின் ஆசிரியருக்குக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அவர் பதிலில் அதைப் பெரிதுபடுத்தவில்லை, அடிக்குறிப்புகளை மட்டும் முழுதாக அனுப்பச் சொன்னார்.